லீட் வண்டி

ஒரு பிளேட் பொங்கலுக்காக ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் எழுந்து, தாம்பரத்திலிருந்து மதுராந்தகம்வரை ஐம்பத்தைந்து கிலோமீட்டர் போய், சாப்பிட்டுவிட்டு அதே வழியில் திரும்பி வருகிறவனை ஊரில் வேறு பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். நாங்கள் அதை ரைடிங் என்கிறோம். பொங்கல் சுமார்தான். சாம்பார் நன்றாக இருக்கும்.

இதை என் கையாலேயே எழுதித் தருகிறேன் என்று சொன்னதும் உங்கள் ஸ்டேஷன் ரைட்டருக்கு முகம் மலர்ந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் மேடம், உங்களுக்கும் இது வசதி. என் கையெழுத்து அடித்தல் திருத்தல் இல்லாமல் இருக்கும். போலீசிடம் கொடுத்த வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது என்று வக்கீலாக இருக்கிற என் மைத்துனர் சொன்னார். அதனால் மாஜிஸ்திரேட் முன்னாலும் இதையே சொல்லத் தயாராக இருக்கிறேன். எனக்கு இது செல்ல வேண்டும்.

பெயர் தினகரன். வயது நாற்பத்தேழு. முடிச்சூர் பக்கத்தில் எங்கள் குடும்பத்தைத் தெரியாதவர்கள் குறைவு. என் அப்பா சம்பந்தம் நாற்று நட்ட இடத்தில் இப்போது நான்கு அடுக்குமாடிகளும் ஒரு கல்யாண மண்டபமும் நிற்கின்றன. எனக்கென்று தனியாக வேலை எதுவும் கிடையாது. வேலை இல்லாதவனுக்குத்தான் பொறுப்பு அதிகம் என்பதைப் பலர் புரிந்துகொள்வதில்லை. ஆறு வருடத்துக்கு முன்னால் 'கர்ஜனை ரைடர்ஸ், தாம்பரம்' என்ற மோட்டார்சைக்கிள் கிளப்பைத் தொடங்கினேன். நிறுவனர், தலைவர் இரண்டும் நானே. எங்கள் ஜாக்கெட் முதுகில் சிங்கம் இருக்கும். அதைத் தைத்துக் கொடுத்த தையல்காரர், வண்டலூர் ஜூவுக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்தும் சிங்கத்தைப் பார்த்ததில்லையாம். அது பொமரேனியன் சாயலில் இருக்கிறது என்று என் மனைவி கீதா சொல்வாள். தூரத்திலிருந்து பார்த்தால் சிங்கம்தான்.

கிளப்பில் என்னையும் சேர்த்துப் பதினாறு பேர். சாலையில் எப்படிப் போக வேண்டும் என்பதை நான்தான் வகுத்துக் கொடுத்தேன். எல்லோருக்கும் முன்னால் போகிற வண்டிக்கு லீட் என்று பெயர். பள்ளம், கல், செத்த நாய், லாரியிலிருந்து உரிந்து விழுந்த டயர், எது வந்தாலும் லீட் போகிறவர் தன் காலை அந்தப் பக்கமாக நீட்டிக் காட்டுவார். அதைப் பார்த்து அடுத்தவர் நீட்டுவார். இப்படியே கடைசி வண்டிவரை சேதி போகும். ஒற்றை விரலைத் தூக்கினால் எல்லோரும் ஒருவர் பின்னால் ஒருவராக ஒரே வரிசைக்கு வந்துவிட வேண்டும். இதெல்லாம் எங்கேயும் உள்ள வழக்கம். நான் சேர்த்தது ஒன்று உண்டு. பின்னால் வருகிறவர் சாலையைப் பார்க்கக் கூடாது. லீடின் காலைத்தான் பார்க்க வேண்டும். 'முன்னவர் கால், பின்னவர் கண்' என்று டி-ஷர்ட்டில் அச்சடித்துக் கொடுத்தேன்.

எங்கள் மண்டபத்துப் பந்தி ஹாலில் இதைப் பற்றி வகுப்பு எடுத்தபோது ஒருவர் மட்டும் கையைத் தூக்கினார்.

"ரோட்டையும் ஒரு கண்ணு பாத்துக்கணும் இல்ல சார்? லீடும் மனுசன்தான? அவுரு கண்ணுல தூசு உழுந்துட்சுன்னா?"

"லீட் கண்ணுல தூசி விழாது சாலமன்," என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். சாலமனும் சிரித்தார். அதற்குப் பிறகு அந்த விதியை அவர் ஒரு நாளும் மீறவில்லை. ஒழுக்கமான மனிதர். இதை நான் அவர் இறந்துவிட்டதால் சொல்லவில்லை.

சாலமன் கடப்பேரிக்காரர். ஏசி மெக்கானிக். செப்புக் குழாய்ச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு, கேஸ் சிலிண்டரைப் பின்னால் கட்டிக்கொண்டு, பழைய நூற்றைம்பது சிசி வண்டியில் பல்லாவரத்திலிருந்து மறைமலைநகர்வரை சுற்றுவார். எங்கள் வீட்டு ஏசிகளையும் அவர்தான் கழுவிக் கொடுப்பார். வந்தால் காபி கொடுப்போம். பேப்பர் கப்பில். அது சுகாதாரத்துக்காக. நான் ஏற்றத்தாழ்வு பார்க்கிறவன் இல்லை. பார்த்திருந்தால் அவரைக் கிளப்பில் சேர்த்திருப்பேனா? சேர்த்து, வரிசையின் கடைசியில் ஓர் இடமும் கொடுத்தேன். எங்கள் வரிசை சிசி கணக்கில் போகும். முன்னால் என் முந்நூற்றைம்பது. மற்றவர்கள் அதற்குள் அடங்கி வாங்கினார்கள். அப்படி ஒரு விதியை நான் எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்காத விதியைத்தான் நாகரிகமானவர்கள் மதிப்பார்கள்.

போன வருடம் தை மாதம், ஒரு ஞாயிறு காலை, இரும்புலியூர் பாலத்துக்குக் கீழே நாங்கள் கூடும் இடத்துக்குச் சாலமன் ஒரு அறுநூற்றைம்பதில் வந்து இறங்கினார். பழைய வண்டிதான், இரண்டாம் கை. ஆனால் துடைத்து வைத்திருந்தார். எல்லோரும் அதைச் சூழ்ந்துகொண்டார்கள். எபி என்று ஒரு பையன், எங்கள் கிளப்பின் செயலாளர், கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான். அவன் சைலன்சர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து காதைக் கொடுத்துக் கேட்டான்.

"மச்சான், இன்னா சவுண்டுடா இது. கோயில்ல உறுமி அடிக்கிற மாதிரி கீது."

நான் சாலமனைத் தனியாகக் கூப்பிட்டு அறிவுரை சொன்னேன். நூற்றைம்பதிலிருந்து நேராக அறுநூற்றைம்பதுக்குத் தாவக் கூடாது. நடுவில் ஒரு முந்நூற்றைம்பது வேண்டும். படி என்று ஒன்று எதற்கு இருக்கிறது?

"ரோடு ஒண்ணுதான சார்," என்றார் அவர். "பழசுல தொண்ணூறு தாண்டினா கை மரத்துப் பூடுது. ஒரு லாரிய முந்தறதுக்குள்ள எதுருல பஸ்சு வந்துடறான். இது அப்டி இல்ல. சும்மா மூச்சு வுட்டா முந்திக்கினு போவுது. எனுக்கு ரெண்டு பொண்ணுங்க கீதே சார். வூடு போய்ச் சேரணும் இல்ல?"

பாதுகாப்புக்காக வாங்கினாராம். அதை நான் நம்பினேன். எந்தப் பெருமைக்கும் இல்லாமல் பெரிய வண்டி வாங்கிய ஒரே மனிதர் அவராகத்தான் இருக்கும். அன்றைக்கும் அவர் என்னை முந்தவில்லை. என் முந்நூற்றைம்பதுக்கு இரண்டு வண்டி இடைவெளி விட்டு, அறுநூற்றைம்பதை அடக்கி, கல்யாண ஊர்வலத்தில் நடக்கிற மாதிரி பின்னாலேயே வந்தார். அவர் முந்தியிருந்தால் பரவாயில்லை. பின்னால் ஒரு பெரிய வண்டி பொறுமையாக வந்துகொண்டே இருக்கும்போது முன்னால் போகிறவனுக்கு முதுகில் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியாது, மேடம். உங்களுடையது ஸ்கூட்டி. வாசலில் பார்த்தேன்.

அதனால் நானும் மாறினேன். தொள்ளாயிரம் சிசி. இருநூற்று இருபத்தெட்டு கிலோ. ஷோரூமில் ஏறி உட்கார்ந்தபோது கீதா சுற்றி வந்து என் செருப்பைப் பார்த்தாள்.

"கால் எட்டலியே, தினா."

"ஓடுற வண்டியில யாரும் காலைத் தரையில வைக்க மாட்டாங்க."

"நிக்கும்போது?"

"நிக்கறதுக்கா வண்டி வாங்கறோம்?"

"அப்ப சிக்னல்ல என்ன பண்ணுவீங்க? பச்சை விழற வரைக்கும் சுத்திச் சுத்தி வருவீங்களா? ஒரு ஸ்டூல் கட்டிட்டுப் போங்க."

விற்பனைப் பையன் திரும்பி நின்று சிரித்தான். நான் கோபப்படவில்லை. கோபம் எனக்கு வருவதே இல்லை, இதை யாரிடமும் விசாரித்துக்கொள்ளலாம். தாம்பரம் ஸ்டேஷன் சுரங்கப்பாதை ஓரத்தில் உட்காரும் செருப்புத் தைப்பவரிடம் என் பூட்சைக் கொடுத்து, அடியில் ஒன்றரை அங்குலம் ரப்பர் வைத்து ஒட்டிக்கொண்டேன். ஹைவேயில் அந்த வண்டி போகிற போக்கே தனி. மூன்றாவது கியரிலேயே எல்லா லாரியும் பின்னால் போய்விடும். நிற்கிற இடத்தில்தான் சிரமம்.

பொத்தேரியில், ஒரு புதன்கிழமை மதியம், பழகிப் பார்ப்பதற்காகத் தனியாகப் போனவன் யூ-டர்ன் திரும்பும்போது விழுந்தேன். விழுந்தேன் என்பதுகூடப் பெரிய வார்த்தை. வண்டி மெதுவாகச் சாய்ந்தது, நான் அதைத் தாங்கப் பார்த்தேன், பிறகு இருவரும் படுத்துவிட்டோம். என் இடது கால் அடியில் மாட்டிக்கொண்டது. காலேஜ் விடுகிற நேரம். பிள்ளைகள் கூடிவிட்டார்கள். "அங்கிள், ஆர் யூ ஓகே?" என்று கேட்டுக்கொண்டே ஒரு பெண் போனைத் தூக்கிப் பிடித்தாள். நான்கு பையன்கள் ஹேண்டில்பாரைப் பிடித்து இழுத்தார்கள். வண்டி அசையவில்லை.

அங்கே ஒரு ஹாஸ்டலுக்கு ஏசி மாட்ட வந்த சாலமன், தோளில் குழாய்ச் சுருளோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். சுருளைக் கீழே வைத்தார். வண்டிக்கு முதுகைக் காட்டி, சீட்டில் இடுப்பை அண்டக் கொடுத்து, பின்பக்கமாக ஐந்தாறு எட்டு நடந்தார். வண்டி எழுந்து நின்றுவிட்டது.

"கையால தூக்கக் கூடாது சார். முதுகக் குடுத்தா அதுவா எய்ந்துக்கும்." தன் வேலைத் துணியை எடுத்து டேங்கில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்தார். "வுடுங்க சார், யாருதான் உழாம கீறாங்க? நான் யாராண்டயும் சொல்ல மாட்டேன்."

நான் அவரைச் சொல்லாதே என்று கேட்கவே இல்லை. அதைக் கவனிக்க வேண்டும்.

அடுத்த ஆறு வாரமும் அவர் எப்போது சொல்வார் என்று காத்திருந்தேன். ஒரு நாள் எபியிடம், "சாலமன் என்னைப் பத்தி ஏதாவது சொன்னானா?" என்று நயமாகக் கேட்டேன்.

"ஆங், சொன்னானேண்ணா."

"என்ன?"

"ஜன்னலைத் தொறந்து வச்சுக்கினே ஏசி போடறீங்களாம். கம்ப்ரசர் சீக்கிரம் பூடும், உங்ககிட்ட சொல்லுன்னான்."

அவர் சொல்லவில்லை. சொல்லப்போவதும் இல்லை. ஒருவன் நம்மை அடித்தால் திருப்பி அடிக்கலாம், அல்லது மன்னிக்கலாம். ஒருவன் நம்மைத் தினமும் காப்பாற்றிக்கொண்டிருந்தால் அவனை என்ன செய்வது என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

ஆவணியில் பாலாற்றுப் பாலத்தின் மேல் ஓர் இணைப்பில் வண்டி தூக்கிப் போட்டதும் நான் சட்டென்று பிரேக்கை அழுத்திவிட்டேன். பின்னால் வந்த எல்லாமும் ஒன்றன்மேல் ஒன்று நெருக்கின. எபியின் வண்டி சாய்ந்து கண்ணாடி உடைந்தது. ஹோட்டலில் அவன் பொங்கலைப் பிசைந்துகொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. கொஞ்ச நாளைக்கு நீங்க நடுவுல வாங்களேன். சாலமன் முன்னாடி போவட்டும்."

"லீட் மாறணும்னா ஜனநாயக முறையில மாறட்டும்," என்றேன். யாரும் எனக்கு எதிராகக் கை தூக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். அவன் சாயங்காலமே கிளப்பின் வாட்ஸ்அப்பில் வாக்கெடுப்பு வைத்துவிட்டான். அதில் கை தூக்க வேண்டியதில்லை, கட்டைவிரல் போதும்.

பதினான்கு ஓட்டு சாலமனுக்கு. ஒன்று எனக்கு. எனக்கு நானே ஓட்டுப் போடுவது கௌரவமாக இருக்காது என்று நான் போடவில்லை. அப்படியானால் அந்த ஒன்று யாருடையது என்று தொட்டுப் பார்த்தேன். சின்ன வட்டத்துக்குள் குன்றத்தூர் பக்கம் ஏதோ கல்யாணத்தில் எடுத்த படம். சாலமனும் அவர் மனைவி கிறிஸ்டினாவும்.

பதினான்கு பேரை அன்றே மன்னித்துவிட்டேன். அந்த ஒரு ஓட்டைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

வரும் ஞாயிறு நான் கடைசியாக லீட் போவது, அதற்கடுத்த வாரம் முதல் சாலமன் என்று முடிவாயிற்று. ஹோட்டலில் எனக்குப் பொன்னாடை போர்த்தி ஒரு ஷீல்டு கொடுக்க ஏற்பாடு. ஷீல்டில் என்ன எழுத வேண்டும் என்று எபி என்னையே கேட்டான். எழுதிக் கொடுத்தேன்.

அந்த ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். லேசான வெயில், காற்று இல்லை. சாலமன் எனக்கு அடுத்ததாக வந்தார். பரனூர் தாண்டி, பாலாறு தாண்டி, படாளம் தாண்டினோம். வேகம் நூறு. இருசக்கர வாகனத்துக்கு எண்பதுதான் என்று நீங்கள் சொல்லலாம். அதற்குரிய அபராதத்தைத் தனியாகப் போடுங்கள், கட்டிவிடுகிறேன். சட்டத்தை மதிக்கிறவன் நான்.

ஹைவேயில் லாரி பஞ்சரானால் டிரைவர்கள் பின்னால் வருகிறவர்களுக்கு அடையாளமாகச் சாலையில் கருங்கல்லை வைத்து, அதன்மேல் ஒரு வேப்பங்கொத்தையும் செருகிவிடுவார்கள். டயரை மாற்றியதும் கொத்து காற்றில் போய்விடும், லாரியும் போய்விடும். கல் மட்டும் அங்கேயே இருக்கும். அப்படி ஒரு கல் எங்கள் தடத்தில், நடுவில் கிடந்தது. ஒரு குடம் அளவு இருக்கும். இருநூறு மீட்டர் தூரத்திலேயே பார்த்துவிட்டேன். என் பார்வை எப்போதும் கூர்மை.

நூறு கிலோமீட்டர் வேகத்தில் இருநூறு மீட்டர் என்பது ஏழு நொடி. ஏழு நொடியைக் குறைவு என்று நினைக்கிறவர்கள் அவசரப்படுகிறவர்கள். எனக்கு அது போதுமானதாக இருந்தது. முதல் இரண்டு நொடியில் கல்லைப் பற்றி யோசித்தேன். மூன்றாவது நொடியில் கண்ணாடியில் பார்த்தேன். சாலமன் எனக்கு இடப்பக்கமாக, சற்றுப் பின்னால் வந்துகொண்டிருந்தார். அந்தத் தடத்தில் அவருக்குக் கல் படாது. நான் ஒற்றை விரலைத் தூக்கினேன். ஒரே வரிசை என்று அர்த்தம். அவர் உடனே என் பின்சக்கரத்துக்கு நேராக வந்தார். கீழ்ப்படிந்தார். அவர் கண் எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியும், நான் சொல்லிக் கொடுத்த இடத்தில் இருந்தது. என் காலில்.

காலை நான் நீட்டவில்லை. கல்லுக்கு ஐந்தாறு வண்டி நீளம் இருக்கும்போது ஹேண்டிலை வலது பக்கம் தள்ளி விலகினேன். தொள்ளாயிரம் அப்படிச் சொன்ன பேச்சைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

கண்ணாடியில் பார்த்துக்கொண்டே போனேன். அவருடைய முன்சக்கரம் கல்லில் ஏறவில்லை, நின்றது. வண்டியின் பின்பக்கம் எழுந்தது. அவர் ஹேண்டில்பாருக்கு மேலாக வந்து, தோளால் சாலையில் இறங்கி, இரண்டு முறை புரண்டு, நடுத்திட்டின் விளிம்புக் கல்லில் இடுப்பு மோத, அரளிச் செடிகளுக்குள் போனார். வண்டி அவருக்குப் பின்னால் வந்து அதே இடத்தில் அவர் கால்மேல் விழுந்தது. சத்தம் நான் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. பழைய ஏசியை மாடியிலிருந்து கீழே போட்டால் இன்னும் அதிகமாகக் கேட்கும்.

ஓரங்கட்டி நிறுத்தினேன். சரியாகத்தான் நிறுத்தினேன், விழவில்லை. ஓடி வந்து பார்த்தபோது அவர் கண்ணைத் திறந்துகொண்டிருந்தார். ஹெல்மெட்டின் முகக்கண்ணாடி உடைந்திருந்தது. வலது கால், முழங்காலுக்குக் கீழே, நாம் மடக்க முடியாத பக்கத்தில் மடங்கியிருந்தது. எலும்பு பேண்ட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. வாயோரத்தில் ரத்தம் நுரைத்தது. ஆனால் மூச்சு நன்றாகவே வந்தது. பிழைத்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். நான் டாக்டர் இல்லை.

எபியும் மற்றவர்களும் வந்து சேர்ந்தார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். பதற்றப்படாமல் நான் ஒருவன்தான் இருந்தேன். "யாரும் தொடாதீங்க. நான் முதலுதவி சர்டிபிகேட் வாங்கியிருக்கேன்," என்றேன். அது உண்மை, ஹாலில் ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கிறது. எபியை ஆம்புலன்சுக்குப் போன் செய்யச் சொன்னேன். ஏழு பேரை அனுப்பிப் பின்னால் வரும் வண்டிகளைத் திருப்பிவிடச் சொன்னேன். மீதிப் பேரை வண்டியைத் தூக்கி ஓரத்தில் போடச் சொன்னேன். கழுத்து அசையக் கூடாது, அதனால் தலையை நான் பிடித்துக்கொள்கிறேன் என்று மண்டியிட்டு உட்கார்ந்து, அவர் தலையை என் மடிக்கு ஏற்றினேன். என் முதுகு எல்லோருக்கும், முகம் அவருக்கு.

சாலமன் என்னைப் பார்த்தார். ஏன் காலை நீட்டவில்லை என்று கேட்பார் என எதிர்பார்த்தேன். கேட்டிருந்தால் நான் ஒருவேளை அத்தோடு விட்டிருப்பேன்.

"கல்லு சார்," என்றார். "அப்டியே கீது... பின்னாடி வர்றவங்களுக்குக் காமி சார்."

அந்த நிலைமையிலும் லீட் மாதிரி எனக்கு வேலை சொன்னார்.

இடது கையைக் கழுத்துக்கு அடியில் கொடுத்தேன். வலது கையை உடைந்த கண்ணாடி வழியாக விட்டு அவர் மூக்கையும் வாயையும் சேர்த்து மூடினேன். என் கையுறை நல்ல கனமான தோல். அவர் இடது கை உயர்ந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. ஸ்பேனர் பிடித்த கை, பலம் இருந்தது. ஆனால் மற்றது தோளோடு தொங்கிப்போயிருந்ததால் ஒன்றால் அவருக்கு முடியவில்லை. உள்ளங்கையில் பல் அழுந்தியது, தோலைத் தாண்டவில்லை. நூற்று நாற்பதுவரை நிதானமாக எண்ணினேன். நடுவில் எபி, "அண்ணா, எப்டிண்ணா கீது?" என்று கத்தினான். "தைரியமா இரு," என்றேன். அதை யாருக்குச் சொன்னேன் என்று இப்போது ஞாபகமில்லை. நூற்றுப் பத்தில் அவர் விரல்கள் தளர்ந்தன. மீதி முப்பதும் ஓர் எச்சரிக்கைக்காக.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் எபி ஒரு படம் எடுத்திருந்தான். நடுத்திட்டில், அரளிப் பூக்களுக்கு நடுவே, நண்பனின் தலையை மடியில் தாங்கி நான் குனிந்திருக்கும் படம். அது நன்றாக வந்திருந்தது. பலரும் பகிர்ந்தார்கள். பிரேதப் பரிசோதனையில் காயங்களே ஏராளமாக இருந்ததால் வேறு எதையும் தேட வேண்டிய அவசியம் யாருக்கும் வரவில்லை. யாரையும் நான் குறை சொல்லவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் கிறிஸ்டினா என் வலது கையை எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "வலி பட்டாரா சார்?" என்று கேட்டார். கடைசியில் அமைதியாகப் போனார் என்றேன். இரண்டு பெண் குழந்தைகளும் அவர் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றன. பெரியவளின் படிப்புச் செலவை ஏற்றுக்கொள்கிறேன் என்று அங்கேயே எல்லோர் முன்னாலும் சொன்னேன். அந்த வாக்கை இந்த வழக்கு எந்த விதத்திலும் பாதிக்காது.

எல்லாம் இத்தோடு முடிந்திருக்கும், மேடம். நான் நிம்மதியாகத்தான் இருந்தேன். தூக்கமும் வந்தது. செவ்வாய்க்கிழமை பேப்பரைப் பார்க்கும்வரை. 'மோட்டார்சைக்கிள் குழுவுக்குத் தலைமை தாங்கி முன்னால் சென்ற சாலமன் விபத்தில் பலி. பின்னால் வந்த நண்பர் தினகரன் மடியில் உயிர் பிரிந்தது.' பின்னால் வந்த நண்பர். எபியைக் கூப்பிட்டுக் கேட்டால், ஓட்டெடுப்பில் சாலமன்தான் ஜெயித்திருந்தார் என்பதால் நிருபரிடமும் உங்கள் ஆட்களிடமும் அப்படியே சொல்லிவிட்டானாம். உங்கள் முதல் தகவல் அறிக்கையிலும் அப்படியே ஏறிவிட்டது.

"அண்ணா, செத்தவன் பேர்ல போனாப் போவட்டுமேண்ணா," என்றான்.

பேப்பர் ஆபீசுக்கு நேரிலேயே போனேன். திருத்தம் போடும் அளவுக்குப் பெரிய பிழை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த வாரம் கிளப்பில் கூடி, இனி லீட் இடம் சாலமனுக்கே என்று தீர்மானம் போட்டார்கள். யாரும் அங்கே ஓட்டக் கூடாது. வரிசையின் முன்னால் ஒரு வண்டி இடத்தைக் காலியாக விட்டுப் போக வேண்டும். அதற்குப் பின்னால் மரியாதைக்காக என்னை விட்டார்கள். நான்கு ஞாயிறு அப்படிப் போனேன். உயிரோடு இருப்பவனை முந்த நினைக்கலாம். முன்னால் வெறும் சாலை போய்க்கொண்டிருக்கும்போது அதை எப்படி முந்துவது? நான்காவது ஞாயிறு, ஒரு பள்ளத்துக்கு நான் காலை நீட்டினேன். ஹோட்டலில் எபி கண் கலங்கிச் சொன்னான், "சாலமனே காட்டின மாதிரி இருந்துச்சுண்ணா."

அன்றைக்குத்தான் உங்களைப் பார்க்க வர வேண்டும் என்று முடிவு செய்தேன்.

கொன்றது நான். கல்லைக் காட்டாமல் விட்டேன், பிறகு கையால் மூடினேன். இதில் எந்தச் சந்தேகமும் வேண்டாம். தண்டனையைப் பற்றி எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அறிக்கையில் 'முன்னால் சென்ற சாலமன்' என்று இருப்பதைத் தயவுசெய்து அடித்துவிட வேண்டும். அவர் இரண்டாவதாக வந்தார். இரண்டாவதாக வந்ததால்தான் இறந்தார்; தர்க்கமே அதைத்தான் சொல்கிறது. முன்னால் போனவன் என்னைப் பின்பற்றிச் சாக முடியாது அல்லவா?

இதற்குச் சாட்சி வேண்டுமென்றால் கிறிஸ்டினாவைக் கேளுங்கள். நேற்று வீட்டுக்கு வந்து, சாலமனின் கிளப் ஜாக்கெட்டைத் துவைத்து மடித்துக் கொடுத்துவிட்டுப் போனார். கீதா காபி கொடுத்தாள். குடித்துக்கொண்டே அவராகவே சொன்னார். "ஓட்டுப் போட்டதெல்லாம் அவுருக்குப் புடிக்கவே இல்ல சார். அடுத்த வாரம் வேணாம்னு சொல்லிடப்போறேன்னுதான் சொல்லிக்கினு இருந்தாரு. எப்பக் கேட்டாலும், 'லீடுனா தினா சார்தான், நான் அவுரு பின்னாடி போறவன்'னுதான் சொல்வாரு."

இதை அவர் வாக்குமூலமாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். தயங்காமல் வந்து கையெழுத்துப் போடுவார். அவருக்கு என்மேல் அவ்வளவு மரியாதை.